அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது?

குடியியற் கல்விப் பாடத்தில் தகவல் அறியும் உரிமை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தெமோதரையை அண்டிய தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி எழுந்தாள். "சேர், எங்க லயத்துக்கு மேல இருக்கிற மண்மேட்ட அதிகாரிங்க வந்து பாத்துட்டுப் போனாங்க. என்ன எழுதினாங்கன்னு யாரும் சொல்லல. நாங்க கேட்டா தருவாங்களா?"

"தரத்தான் வேண்டும்" என்றேன். அந்தப் பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஏனென்றால் இது அவளுடைய லயத்தின் கேள்வி மட்டுமல்ல.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாக அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். எச்சரிக்கை சிலரின் காதுக்கு எட்டியிருக்கலாம். ஆனால் மாற்றுக் காணி எங்கே, யார் தருவது, எப்போது என்ற கேள்விகளுக்கு அந்த மக்களின் கையில் எழுத்தில் எதுவும் இருக்கவில்லை. எழுத்தில் இருந்ததெல்லாம் கோப்புகளில் இருந்தது. மலைக்குக் கீழே படுத்துறங்கியவர்கள் அந்தக் கோப்பைப் பார்த்ததில்லை.

முஸ்லிம்களாகிய நமக்கும் இதே அனுபவம் உண்டு. கொவிட்டால் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் அல்லது தகனம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியது. அதற்குப் பிறகு ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி தகனத்தை மட்டுமே கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசடையும் என்றார்கள். எந்த ஆய்வு அப்படிச் சொன்னது என்று கேட்டோம். "நிபுணர் குழு சொன்னது" என்பதே பதிலாக இருந்தது. 20 நாள் பாலகனின் ஜனாஸா கூட எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி மாற்றப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. முடிவுக்கு ஆதாரமான ஆவணங்களை முதல் நாளே மக்கள் முன் வைத்திருந்தால், அந்த வாதம் எத்தனை நாள் நின்றிருக்கும்?

சட்டம் என்ன சொல்கிறது?

2015இல் 19ஆவது திருத்தத்தின் மூலம் தகவல் அறியும் உரிமை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையாக அடிப்படை உரிமைகளுக்குள் வந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது.

நடைமுறை எளிது. தகவல் எந்த அரச அலுவலகத்தில் இருக்கிறதோ, அங்குள்ள தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் பதிவது அந்த அலுவலரின் கடமை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். கேட்பவரின் உயிருடனும் தனிப்பட்ட சுதந்திரத்துடனும் தொடர்புடைய தகவலென்றால் 48 மணித்தியாலம். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அடுத்து தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

தோட்டத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பனி வாய் திறக்காவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. மண்சரிவு அபாயம் பற்றிய அறிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமோ பிரதேச செயலகத்திடமோ கேட்கலாம்.

எல்லாவற்றையும் கேட்டுப் பெற முடியாது. தேசிய பாதுகாப்பு, பிறருடைய தனிப்பட்ட விபரம் போன்ற விலக்குகள் உண்டு. அவை நியாயமானவையும் கூட. ஆனால் வெளியிடுவதால் வரும் தீங்கை விட அதனால் வரும் பொதுநலன் பெரிதென்றால், வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது.

உள்ளே இருப்பவர் பேசினால்?

கேட்கும் நமக்குச் சட்டம் துணை. கேட்காமலே சொல்லும் அதிகாரியின் நிலை வேறு. 2022இல் சூரியவெவ பிரதேசப் பிள்ளைகளின் போசாக்கின்மை பற்றி ஊடகங்களிடம் பேசிய வைத்தியர் சமல் சஞ்சீவ பணி இடைநிறுத்தம் செய்யப்பட்டார். அதே ஆண்டு செப்டெம்பரில், அரச ஊழியர்கள் சமூக ஊடகங்களில் கருத்துச் சொல்வதற்கு எதிராகச் சுற்றறிக்கை வந்தது. தாபன விதிக்கோவையும், 1955ஆம் ஆண்டின் உத்தியோக இரகசியங்கள் சட்டமும் ஏற்கனவே இருக்கின்றன. அமெரிக்காவிலும் இதுதான் கதை. மக்களை அரசு இரகசியமாகக் கண்காணித்ததை 2013இல் வெளிப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன் மீது 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டத்தின் கீழ் குற்றம் சுமத்தப்பட்டது.

நானும் அரச சம்பளம் வாங்கும் ஆசிரியன். பேசினால் விசாரணை வரும் என்ற பயம் ஓய்வறையில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். தகவல் சட்டத்தின் 40ஆவது பிரிவைப் பலர் அறியாததும் அந்தப் பயத்துக்கு ஒரு காரணம். இந்தச் சட்டத்தின்படி வெளியிடக்கூடிய தகவலை வெளியிட்டதற்காக எந்த அரச ஊழியரையும் தண்டிக்க முடியாது என்கிறது அது. ஊழலை முறையிடுபவருக்கு 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்திலும் பாதுகாப்பு உண்டு. இந்தப் பாதுகாப்புக்கு எல்லை உண்டு. ஆனால் இல்லை என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும் அளவுக்குச் சிறியதல்ல.

பதவி ஓர் அமானிதம் என்று மிம்பரில் கேட்கிறோம். அப்படியென்றால் அந்தப் பதவியில் இருப்பவர் வைத்திருக்கும் கோப்பும் அமானிதம்தான்; அதன் சொந்தக்காரர் பொதுமக்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோவில் சபைகளும் மாதத்தில் ஒரு மாலை ஒதுக்கி, எழுதத் தெரியாதவர்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்கலாம். செலவு ஒரு தாளும் ஒரு முத்திரையும்தான்.

அந்த மாணவியின் தந்தைக்காக வகுப்பிலேயே அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினோம். அவர் ஒப்பமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். நாட்களை அவள் தன் கொப்பியின் பின்பக்கத்தில் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.