லாரூட் மலை மரங்களுக்குக் கல்கத்தாவில் இருந்து பெயர் வைத்தவர்

கமுந்திங்கில் நின்று கிழக்கே பார்த்தால் லாரூட் மலைத்தொடர் எழும்பி நிற்கும். தைப்பிங் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. அதனால் மலை பாதி நாள் மேகத்துக்குள்தான். மழை விட்டு வானம் வெளுத்ததும் முகடுகளைக் கூர்ந்து கவனியுங்கள். சரிவெல்லாம் கரும்பச்சையாக இருக்க, முகட்டோரம் மட்டும் சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் மரத்தலைகள் தெரியும். அவை செராயா. பலகைக் கடைக்கு வந்துவிட்டால் இதுவும் சிவப்பு மெராந்திதான். அறுபது மீட்டர் வரை வளரும் இந்த மரம் ஆண்டுதோறும் பூப்பதில்லை. பல வருஷத்துக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூக்கும்போது தானும் பூக்கும்.

இதன் அறிவியல் பெயர் ஷோரியா கர்ட்டிசி. 1893இல் இந்தப் பெயரை விளக்கத்தோடு அச்சேற்றியவர் ஜார்ஜ் கிங். அவர் உட்கார்ந்திருந்த இடம் இந்த மலை நிற்கும் பேராக் அல்ல, கல்கத்தா.

ஸ்காட்லாந்தில் 1840இல் பிறந்த கிங், மருத்துவம் படித்துவிட்டு இந்தியா வந்தவர். 1871 முதல் 1898 வரை ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. டார்ஜிலிங் மலையில் சிங்கோனா பயிரிட்டுக் கொய்னாவைப் பொட்டலம் கட்டி அஞ்சலகத்திலேயே காசுக்கு விற்க வைத்த ஏற்பாட்டில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மலேரியாவுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! தாவரவியல் உலகம் அவரை நினைப்பது வேறொன்றுக்காக. 1889இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில், மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைக் குடும்பம் குடும்பமாக விவரிக்கும் தொடர் ஒன்றை அவர் தொடங்கினார். லாரூட் மலைக்காட்டின் மரம், கொடி, பூண்டு பலவற்றுக்கு முதன்முதலாக அறிவியல் பெயர் கிடைத்தது அந்தப் பக்கங்களில்தான்.

கல்கத்தாவில் இருப்பவருக்கு லாரூட் இலை எப்படிப் போய்ச் சேர்ந்தது? கிங் ஆள் அனுப்பினார். ஹெர்மன் குன்ஸ்ட்லர் என்ற அந்தச் சேகரிப்பாளர் 1880களின் முற்பாதி முழுக்கப் பேராக் காடுகளில் அலைந்தார். ஈயச் சுரங்கங்களுக்காக நடந்த லாரூட் சண்டைகள் ஓய்ந்து அப்போது பத்து வருஷம்கூட ஆகவில்லை. தைப்பிங்கிலும் கமுந்திங்கிலும் ஈயலம்பங்கள் பரபரப்பாக இயங்கின. பால்மரத் தோட்டங்கள் இன்னும் பிறக்கவில்லை. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியதே 1885இல்தான்.

குன்ஸ்ட்லர் அனுப்பிய உலர்தாவர ஏடுகளில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தடித்த தாளில் ஒரு கிளை தைத்தோ ஒட்டியோ இருக்கும். நூற்று நாற்பது வருஷத்தில் இலை பழுப்பேறியிருக்கும், நரம்பு மட்டும் தெளிவு. மூலையில் ஒரு சீட்டு: வரிசை எண், இடம் லாரூட், மாதம், ஆண்டு, மரத்தின் உயரம், அடிமரத்தின் பருமன், பூவின் நிறம், அடர்ந்த காடு என்று ஒரு குறிப்பு, கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி. காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும், உயரத்தைக் கிளையிலிருந்து கணிக்கவே முடியாது. எனவே சீட்டில் எழுதாதது நிரந்தரமாகத் தொலைந்தது. இந்த மழையூரில் ஈரத் தாளை மாற்றி மாற்றி, பூஞ்சணம் பிடிக்காமல் கிளையைக் காயவைப்பதே தனி உழைப்பு.

அத்தனையும் எழுதியவரின் பெயர் அந்தச் சீட்டில் இல்லை. சேகரித்தவர் என்ற இடத்தில் அச்சடித்திருப்பது “டாக்டர் கிங்கின் சேகரிப்பாளர்” என்று மட்டுமே.

ஆனாலும் கிங் அவரை மறந்துவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். டிப்டெரோகார்ப்பஸ் குன்ஸ்ட்லெரி, ஷோரியா குன்ஸ்ட்லெரி என்று இரண்டு பெருமரங்களுக்கு அவர் பெயரையே வைத்தார். முதலாவது, கெருயிங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் இனத்தைச் சேர்ந்தது. கிங்குக்குப் பின் அதே தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற டேவிட் பிரெய்ன், அவரைக் குடும்பத்துக் கொடிகளின் பேரினம் ஒன்றையே குன்ஸ்ட்லெரியா என்று அழைத்தார். 1980களின் தொடக்கத்தில் கேரளத்தின் காவு ஒன்றில், தெய்வத்துக்கென்று வெட்டாமல் விட்ட சிறு காட்டில், ஒரு முரட்டுக் கொடி புதிய இனமாக அடையாளம் காணப்பட்டது. இந்தியத் தாவரவியலாளர்கள் மோகனனும் நாயரும் அதற்கு வைத்த பெயர் குன்ஸ்ட்லெரியா கேரளென்சிஸ். பேராக் காட்டில் சீட்டில்கூட இடம் பெறாத மனிதரின் பெயர் இன்று மலையாளக் கரையின் காவில் ஏறியிருக்கிறது.

அதே காலத்தில் பேராக்கில் இன்னொருவரும் செடி சேர்த்தார்: பெனெடெட்டோ ஸ்கோர்டெக்கினி என்ற இத்தாலியப் பாதிரியார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பங்குச் சாமியாராக இருந்தபடியே தாவரவியல் பயின்றவர். 1884இல் பேராக் அரசுக்காகத் தாவரம் சேர்க்க வந்தார். இரண்டே வருஷம். சேர்த்ததை ஒழுங்குபடுத்தக் கல்கத்தா போன இடத்தில் 1886 நவம்பரில் இறந்துபோனார், வயது நாற்பத்தொன்றுதான். தாமே எழுத வேண்டிய நூலை அவரால் முடிக்க முடியவில்லை. அவர் சேர்த்தவற்றுக்குப் பெரும்பாலும் பிறர்தான் பெயர் வைத்தார்கள்.

கிங் அவர் பெயரைச் சூட்டிய அத்திமரம் ஃபைகஸ் ஸ்கோர்டெக்கினி. அதன் பழம் பழுத்தால் நிறம் சொல்லாது, மணம் சொல்லும். பழந்தின்னி வௌவால்கள் இருட்டில் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே வந்து பழம் தின்று விதை பரப்புகின்றன என்பதை மலேசியக் காட்டிலேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். சாலையோரம் கட்டுக்கட்டாக நிற்கும் செமந்தான் மூங்கிலும் பாதிரியார் பெயரைத் தாங்கியதே: ஜைகன்டோக்லோவா ஸ்கோர்டெக்கினி. ஊதுவத்திக் குச்சிக்கும் கூடைக்கும் போகிற மூங்கில் அது. பெயரிட்டவர் ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிள். கிங்கோடு சேர்ந்து மலாய்த் தொடரை எழுதியவரும், பிறகு சென்னை மாகாணத்தின் தாவரங்களை நூலாக எழுதத் தொடங்கியவரும் அவரே. தமிழ்நாட்டுத் தாவரவியல் மாணவர்கள் இன்றும் புரட்டும் நூல் அது.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். செராயாவின் முழுப் பெயரில் டையர், கிங் என்று இருவர் பெயரும் வரும். பெயரை யோசித்தவர் லண்டன் க்யூ தோட்டத்து டையர். விதிப்படி விளக்கம் எழுதி வெளியிட்டவர் கிங். ‘கர்ட்டிசி’ என்பதில் இருக்கும் கர்ட்டிஸ், பினாங்கு தாவரத் தோட்டத்தைத் தொடங்கி நடத்தியவர். ஒரே மரத்தில் மூன்று ஆட்கள்! பின்னால் பெயர் மாறினாலும் முதலில் பெயரிட்டவர் அழிவதில்லை, அடைப்புக்குறிக்குள் நிற்பார். கெமுந்திங் செடியையே பாருங்கள். ஊருக்குப் பெயர் தந்தது, இளஞ்சிவப்புப் பூவும் கருநீலப் பழமும் உள்ள அந்தப் புதர்தான் என்பார்கள். நீலகிரியில் அதைத் தவிட்டுப் பழம் என்று பிள்ளைகள் பறித்துத் தின்கிறார்கள். 1789இல் எய்ட்டன் அதற்குப் பெயரிட்டார். 1842இல் ஹாஸ்கார்ல் அதை வேறு பேரினத்துக்கு மாற்றினார். இன்றும் எய்ட்டன் அடைப்புக்குறிக்குள் இருக்கிறார்.

அடைப்புக்குறிக்குள்ளும் இடம் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். மரமேறிப் பூங்கொத்தை வெட்டிப் போட்டவர், காட்டு வழி காட்டியவர், தாள்கட்டுகளைச் சுமந்து இறங்கியவர். இந்தக் கைகள் இல்லாமல் அறுபது மீட்டர் மரத்தின் பூ கல்கத்தா மேசைக்குப் போயிருக்க முடியாது. அவர்களில் ஒருவரின் பெயரையாவது ஏதாவதொரு செடிக்கு வைத்திருக்கலாம். வைக்காதது அநியாயம்தான்.

அவர்கள் இறக்கிய கிளைகள் மட்டும் இன்னும் வேலை செய்கின்றன. 2005இல் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையம் தீபகற்ப மலேசியாவின் தாவரங்களைப் புதிதாக எழுதும் திட்டத்தைத் தொடங்கியது. முதல் விவரணைக்கு ஆதாரமான ஏட்டோடு ஒப்பிடாமல் ஒரு செடி இன்ன இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் அந்தப் பழைய தாள்களுக்கே போகிறார்கள். க்யூவில் இருக்கும் பிரதிகளில் பலவற்றின் படங்கள் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடல் பெட்டியில் ‘கிங்கின் சேகரிப்பாளர்’ என்பதையும் ‘லாரூட்’ என்பதையும் ஆங்கிலத்தில் தட்டினால் போதும்.