பகலில் மூச்சடக்கும் பிரண்டை

சித்திரை வெயிலில் நார்த்தாமலைப் பாறையில் வெறுங்கால் வைக்க முடியாது. சுற்றுவட்டாரத்தில் புல்லெல்லாம் கருகிவிடும். ஆனால் புதுக்கோட்டைப் பக்கத்து வேலிகளில் பிரண்டை மட்டும் பச்சை மாறாமல் படர்ந்து கிடக்கும். பெரும்பாலும் இலைகூட இருக்காது, நாற்பட்டைத் தண்டுதான்.

உணவு தயாரிக்கச் செடிக்குக் கரியமில வாயு வேண்டும். அதற்காக இலைத்துளைகளைத் திறந்தால் உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகிப் போய்விடும். நெல் போன்ற பயிர்கள் ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிப்பதற்குள் சுமார் 400 முதல் 500 கிராம் நீரை இழக்கின்றன. கிட்டத்தட்ட ஒரு அரை லிட்டர் பாட்டில்! பிரண்டைத் தண்டு கையாளும் வழியிலோ அந்த வேலை 50 முதல் 100 கிராமில் முடிந்துவிடும்.

பகலெல்லாம் தண்டு தன் துளைகளை மூடியே வைத்திருக்கிறது. இருட்டிக் காற்று குளிர்ந்த பிறகுதான் திறக்கிறது. இரவில் வெளிச்சம் கிடையாதே, வாயு வந்து என்ன பயன்? அங்கேதான் சாமர்த்தியம். வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி, செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் சேர்த்து வைக்கிறது. ஆப்பிளுக்குப் புளிப்பைத் தருவதும் இதே அமிலம்தான். விடிந்ததும் துளைகளை அடைத்துக்கொண்டு அமிலத்தை உடைக்கிறது. உள்ளுக்குள்ளேயே வாயு வெளிப்படுகிறது. வெயில் அதைச் சர்க்கரையாக்க உதவுகிறது.

இந்த ரகசியத்தின் முதல் தடயங்களில் ஒன்றைக் கண்டது ஒரு நாக்கு. தரங்கம்பாடிக்கு மதப்பணியாளராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹைன், ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு. 1813-இல் இதைக் கடிதமாக எழுதினார். எந்தக் கருவியும் இல்லாமல் ஒரே இலையைப் பொழுதுக்குப் பொழுது சுவைத்துப் பார்க்கத் தோன்றியதே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ரணகள்ளியின் குடும்பமான கிராசுலேசியின் பெயரால் இந்த ஏற்பாட்டைக் ‘கிராசுலேசிய அமில வளர்சிதைமாற்றம்’ என்கிறார்கள்: இரவில் அமிலம், பகலில் சர்க்கரை.

பிரண்டை இன்னும் ஒரு படி மேலே போகிறது. மழை பெய்தால் இலை விடும். அந்த இலைகள் நெல்லைப் போலப் பகலிலேயே வாயுவை இழுக்கும். அதே கொடியின் தண்டு இரவு முறையிலேயே இருக்கும். வறட்சி முற்றினால் இலைகளை உதிர்த்துவிட்டு, தண்டு இரவிலும் துளைகளைத் திறக்காது. தன் சுவாசத்தில் வெளிவரும் வாயுவையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு விலையும் உண்டு. நீர்ப்பை கொள்ளும் அமிலம்தான் மறுநாளைய உணவுக்கு முதல். அதனால்தான் இந்தப் பாதையை நம்பும் செடிகள் பெரும்பாலும் நிதானமாகவே வளர்கின்றன.