உறங்கினால் விழிக்காத மரம்

மார்கழி பிறந்ததும் நர்சரிகளின் முன்வரிசைக்கு ஒரு செடி வந்துவிடும். அடுக்கடுக்காகக் கிளை விரித்துக் கோபுரம்போல் கூம்பி நிற்கும். 'கிறிஸ்துமஸ் மரம்' என்று கேட்டால் அதைத்தான் எடுத்துத் தருவார்கள். வெண்ணந்தூர், ராசிபுரம் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்களும் வாசலுக்கு அழகென்று அதை வாங்கி வைப்பதுண்டு.

படங்களில் பனி போர்த்தி நிற்கும் ஸ்ப்ரூஸ் மரம் வேறு, இது வேறு. இது அரௌகாரியா, பசிபிக் தீவுகளின் பிள்ளை. தேவாலயங்களில் பல ஊர்களில் வெட்டி நிறுத்தும் சவுக்கோ ஊசியிலை மரமே அல்ல, பூக்கும் தாவரம். நாம் ஊசி என்று நினைப்பது அதன் மெல்லிய குச்சி. உண்மையான இலைகள் அந்தக் குச்சியின் கணுக்களில் பல் பல்லாக, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டியிருக்கும்.

அப்படியானால் அசல் ஸ்ப்ரூஸையே வளர்த்தால் என்ன? நீல ஸ்ப்ரூஸ் விதைப் பொட்டலங்கள் இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. 'எதையும் தாங்கும் மரம்' என்ற விளம்பரமும் பொய்யில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரையும் தாங்கும் இனங்கள் அதில் உண்டு. ஸ்வீடனில் ஒரு நார்வே ஸ்ப்ரூஸின் வேர்த்தொகுதி 9,500 ஆண்டுகளுக்கு மேல் பழையது என்று கணித்திருக்கிறார்கள். ஆனால் அந்த மரம் தாங்கக் கற்றுக்கொண்டது குளிரை.

பகல் சுருங்கத் தொடங்கியதும் ஸ்ப்ரூஸ் தன் நுனி வளர்ச்சியை நிறுத்தி, மொட்டை மூடிச் செதில் போர்த்திக்கொள்ளும். செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியேறி, செல்களுக்கு இடையிலுள்ள வெளியில் போய் உறையும். உள்ளே எஞ்சுவது சர்க்கரை மிகுந்த கெட்டிச் சாறு. அது எளிதில் உறையாது. பனிக்கட்டி செல்லுக்குள் உருவாகி அதைக் கிழிப்பதும் இல்லை. பிறகு நீண்ட உறக்கம். அதிலிருந்து ஒழுங்காக விழிக்க, பூஜ்யத்துக்குச் சற்று மேற்பட்ட குளிர் பல வாரங்கள் நீடிக்க வேண்டும். அந்தக் குளிர் கழிந்து சூடு வந்தால்தான் மொட்டு திறக்கும்.

இந்த விதையை வெண்ணந்தூரில் போட்டால் முளைக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். வடக்கு ஸ்வீடனில் பிறந்த நார்வே ஸ்ப்ரூஸ் நாற்றுக்கு மூன்று மணி நேர இரவு வந்தாலே குளிர்காலம் நெருங்குகிறது என்று பொருள். மத்திய ஐரோப்பிய நாற்றுக்கு அது ஏறத்தாழ எட்டு மணி நேரம். நம் ஊரில் ஆனி மாதத்திலும் இரவு 11 மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே சித்திரை வெயிலில் நின்றாலும் குளிர்காலம் வந்துவிட்டதென்றே அந்தக் குழந்தைச் செடி நம்பும். மொட்டை மூடிக்கொண்டு உறங்கப் போகும். எழுப்ப வேண்டிய குளிரோ வரவே வராது. சேலம் சமவெளியில் மார்கழி விடியலில்கூட 18 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். போதாக்குறைக்கு, நம் வெப்பமான இரவுகளில் மூச்சுவிட்டு மூச்சுவிட்டே பகலில் சேர்த்த சர்க்கரையைச் செலவழித்துவிடும். உரமோ தண்ணீரோ இதைத் தீர்க்காது. இந்திய ஸ்ப்ரூஸ் இனங்களும் இமயமலையில் சுமார் 2,000 மீட்டருக்கு மேல்தான் வாழ்கின்றன.

ஊசியிலை மரங்களின் உறவு நமக்கு அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அடிமரம் டைனோசர்கள் வாழ்ந்த கிரட்டேசியஸ் காலத்தது. அது ஊசியிலை மர வகையைச் சேர்ந்தது. இன்று தென்னிந்தியக் காடுகளில் இயல்பாக வளரும் அந்தக் குலத்து மரம் நிறம்பலி ஒன்றுதான். அகத்தியமலை போன்ற மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் இருக்கிறது. ஆச்சரியம், அதற்கு ஊசி இலையே இல்லை, அகன்ற இலைதான்.

கூம்பு வடிவம்தான் வேண்டும் என்பவர்கள் அரௌகாரியாவையே வைக்கலாம். ஆனால் வீட்டை ஒட்டியோ மின்கம்பிக்கு அடியிலோ வேண்டாம். தொட்டியில் பொம்மைபோல் இருப்பது மண்ணில் இறங்கினால் தென்னையைத் தாண்டும். நடுக்குருத்தை ஒடித்துவிடாதீர்கள். பக்கக் கிளையை வெட்டிப் பதியம் போட்டாலும் பயனில்லை: வேர்விடும், ஆனால் தான் கிளைதான் என்பதை மறக்காமல் கடைசிவரை படுக்கையாகவே வளரும். நார்ஃபோக் தீவு அரௌகாரியா என்று விற்பவற்றில் பல, நியூ கலிடோனியாவின் குக் பைன். அந்த மரம் உலகில் எங்கு வளர்ந்தாலும் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாயும் என்று 5 கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகச் சாய்வு கூடும். நம் பக்கம் அது தெற்கே, கொஞ்சமாகச் சாய வேண்டும். உங்கள் தெருவில் வளர்ந்த மரம் இருந்தால் பாருங்கள்.

என்னைக் கேட்டால், வெண்ணந்தூர் வீட்டுக்கு எதையும் தாங்கும் மரம் அரப்புதான். உசிலை, ஊஞ்சை என்றும் சொல்வார்கள். சேலம், நாமக்கல் கரடுகளில் யாரும் நடாமலே, யாரும் தண்ணீர் விடாமலே வளர்கிறது. இலையைக் காயவைத்து இடித்த தூளால்தான் நம் பாட்டிமார் எண்ணெய்த் தலையை அலசினார்கள். அந்த நுரைக்குக் காரணம் இலையிலுள்ள சப்போனின். மிகச் சிறிய சிற்றிலைகள் என்பதால் வெயில் அதைச் சுட்டுப் பொசுக்குவதில்லை. அரப்பும் உறங்கும் மரம்தான். வறட்சியில் இலை உதிர்த்து உறங்கும், ஈரம் தட்டியதும் துளிர்க்கும். அந்தக் கடிகாரம் இந்த மண்ணுக்கென்றே ஓடுவது.

நாற்று கிடைத்தால் ஐப்பசி மழை தொடங்கும்போதே நட்டுவிடுங்கள். வேர் ஆழமாக இறங்க மார்கழி வரை ஈரம் இருக்கும். முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மறு வருடம் அதுவும் தேவைப்படாது.