வருமானச் சான்றிதழ் கேட்காத சட்ட உதவி

எந்த ஊர் கோர்ட் வளாகத்துக்குள் போனாலும், ஜெராக்ஸ் கடை, டைப்பிங் மேஜை, வக்கீல்களின் பைக் வரிசை எல்லாவற்றையும் தாண்டி ஓரிடத்தில் ஒரு பலகை இருக்கும். மாவட்டத் தலைநகர் என்றால் ‘மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு’, தாலுகா கோர்ட் என்றால் ‘வட்ட சட்டப் பணிகள் குழு’. வாய்தாவுக்கு வருகிறவர்கள் பலர் அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது, யாருக்காக நடக்கிறது என்று நாம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு வழக்கு நடத்த வக்கீல் ஃபீஸ் மட்டும் போதாது. கோர்ட் கட்டணம் உண்டு, எதிராளிக்கு சம்மன் அனுப்பச் செலவு உண்டு, தீர்ப்பின் நகல் வாங்கவும் வேறு மொழியில் உள்ள ஆவணத்தை மொழிபெயர்க்கவும் பணம் வேண்டும். இவை அத்தனையையும் தானே ஏற்று, வக்கீலையும் நியமித்துக் கொடுப்பதுதான் அந்த அலுவலகத்தின் முதல் வேலை. இது யாரோ இரக்கப்பட்டுச் செய்கிற உதவி அல்ல. பணமில்லை என்பதாலோ வேறு இயலாமையாலோ யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று 1976இல் அரசியல் சட்டத்தில் 39அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவர 1987இல் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இயற்றப்பட்டது. அது அமலுக்கு வந்த நாள் 1995 நவம்பர் 9. டெல்லியில் தேசிய ஆணையம், அதன்கீழ் மாநிலம், மாவட்டம், தாலுகா என்று இறங்கி வருகிற அமைப்பு இது. மாவட்ட ஆணைக்குழுவுக்குத் தலைவர் மாவட்ட நீதிபதியே.

இனி, அநேகமாக எல்லோருக்கும் இருக்கிற ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். ‘இலவச வக்கீல்னா பரம ஏழைக்குத்தானே, நமக்கு எப்படிக் கொடுப்பாங்க?’ என்று கேட்பார்கள். ஓட்டு வீடும் மாதச் சம்பளமும் உள்ளவர்கள் அந்தப் படியை மிதிக்கவே கூச்சப்படுகிறார்கள். ஆனால் யாருக்கு உதவி என்று சொல்கிற 12ஆவது பிரிவை எடுத்துப் படித்தால், அதில் எட்டு உட்பிரிவுகள் இருக்கின்றன. வருமானத்தைப் பற்றிப் பேசுவது எட்டாவது மட்டும். மற்ற ஏழிலும் சம்பளம் என்கிற பேச்சே கிடையாது.

தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர், ஆள் கடத்தலுக்கோ கொத்தடிமை வேலைக்கோ ஆளானவர், பெண், குழந்தை, மாற்றுத்திறனாளி, வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், இனக் கலவரம், சாதி வன்கொடுமை, தொழிற்சாலை விபத்து போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர், தொழிற்சாலைத் தொழிலாளி, சிறையிலோ, காப்பகத்திலோ, மனநல மருத்துவமனையிலோ அடைக்கப்பட்டிருப்பவர். இவர்களில் ஒருவராக இருந்தால் போதும், எவ்வளவு சம்பாதிக்கிறார் என்ற கேள்வி எழாது. இந்தப் பட்டியலில் வராதவருக்குத்தான் வருமான வரம்பு. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு 5 லட்சம்.

ஏன் இப்படி எழுதினார்கள்? கோர்ட் வாசலுக்கு ஒருவரை வரவிடாமல் தடுப்பது காசு மட்டும் இல்லை என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு இரண்டு லாரி, சொந்த வீடு. அடித்து வெளியே அனுப்பிவிட்டார். குழந்தையோடு அம்மா வீட்டில் இருக்கிறாள். ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட வேண்டும். ஏழைக்கு மட்டும்தான் உதவி என்று வைத்திருந்தால் அவளிடம் வருமானச் சான்றிதழ் கேட்பார்கள். தாசில்தார் அலுவலகத்தில் குடும்ப வருமானம் என்று பார்த்தால் ரேஷன் கார்டில் கணவர் பெயர்தான் முதலில் நிற்கும், லாரி வருமானமும் கூடவே வந்து சேரும். எந்தப் பணம் அவள் கைக்கு வரவில்லை என்று வழக்குப் போடப் போகிறாளோ, அந்தப் பணத்தையே காட்டி அவளைத் திருப்பி அனுப்புவதாக ஆகிவிடும். அதனால்தான் சட்டம் ‘பெண்’ என்று ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டது. கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் ஏறும் பெண்ணிடம் கண்டக்டர், ‘உங்க வீட்டுக்காரர் என்ன சம்பளம் வாங்குறார்?’ என்று கேட்டுவிட்டா டிக்கெட் கிழிக்கிறார்? அதுபோலத்தான் இதுவும். அரசு வேலையில் இருக்கும் பெண்ணும் இந்த உதவியைக் கேட்கலாம்.

தொழிலாளியின் நிலையும் இப்படித்தான். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து இங்கே மில்லில் வேலை செய்கிறவர், விபத்தில் விரல் போய் நஷ்ட ஈடு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மொழி தெரியாது, ஊரில் யாரையும் தெரியாது. கையில் நாலு காசு இருந்தாலும் எந்த வக்கீலை நம்புவது என்பதே அவருக்குப் பெரிய சுவர்.

இவர்கள் எல்லோரையும்விட, சிறையில் இருப்பவர் கதையைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1979இல் ஹுசைனாரா கத்தூன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். குற்றம் நிரூபணமாகியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உச்சபட்சத் தண்டனையைவிட அதிக காலம் உள்ளே இருந்துவிட்டவர்களும் அவர்களில் உண்டு. ஜாமீன் கேட்க அவர்களுக்கு வக்கீல் இல்லை. பத்திரிகைச் செய்தியைப் பார்த்துவிட்டு வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி அவர்களுக்காக மனுப் போட்டார். வக்கீல் வைக்க வழியில்லாத கைதிக்கு அரசு செலவில் வக்கீல் தருவது, உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆவது பிரிவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று நீதிபதி பி.என்.பகவதி தீர்ப்பு எழுதினார். 1981இல், பாகல்பூரில் போலீசார் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய வழக்கில், கைதானவரை முதன்முதலாகக் கொண்டுவந்து நிறுத்தும்போதே இந்த உரிமை இருப்பதை மாஜிஸ்திரேட் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று கோர்ட் கூறியது. 1986இல் சுக்தாஸ் வழக்கு. வக்கீல் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. அப்படியே விசாரித்துத் தண்டித்துவிட்டார்கள். அந்தத் தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தெரியாதவர் வாய் திறந்து கேட்டால்தான் கொடுப்போம் என்பது நியாயமே இல்லை, இல்லையா?

சரி, எப்படிக் கேட்பது? தாலுகா கோர்ட்டில் உள்ள குழுவிடமே ஆரம்பிக்கலாம். மனு தமிழில் இருக்கலாம்: பெயர், முகவரி, பிரச்சினை என்ன, எந்தப் பிரிவின்கீழ் உதவி கேட்கிறோம், இவ்வளவுதான். எழுதத் தெரியாதவருக்கு அங்கிருப்பவர்களே எழுதி, படித்துக் காட்டி, கைரேகை வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலும் ஏற்கலாம் என்று விதி இருக்கிறது. வருமானத்தின் அடிப்படையில் கேட்பவரும் தன் வருமானம் இவ்வளவு என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால், அதை நம்பாமல் இருக்கக் காரணம் இல்லாதவரை அதுவே போதும். வழக்கில் ஏதோ முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஏழு நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

‘ஓசியில் வர்ற வக்கீல் ஒழுங்கா வாதாடுவாரா?’ என்ற சந்தேகம் அடுத்து வரும். அது நியாயமான சந்தேகம். அக்கறையோடு நடத்துகிறவர்களும் உண்டு, வாய்தா வாங்கியே காலம் தள்ளுகிறவர்களும் உண்டு; காசு கொடுத்து வைக்கும் வக்கீல்களிலும் இந்த இரண்டு வகையும் இருக்கிறது. ஆனால் இங்கே நமக்கு ஒரு பிடி இருக்கிறது. அந்த வக்கீலுக்கு ஆணைக்குழு ஃபீஸ் தருகிறது. நம்மிடம் அவர் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, ‘டைப்பிங் செலவுக்கு’ என்று சொல்லியும் கேட்கக் கூடாது. வழக்குகள் எப்படிப் போகின்றன என்று கவனிக்கத் தனிக் குழு ஒன்று உண்டு. திருப்தி இல்லாவிட்டால் அங்கேயே புகார் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். இதைத் தெரிந்துகொண்டு போகிறவரிடம் யாரும் அலட்சியம் காட்டத் தயங்குவார்கள்.

அதே அலுவலகம்தான் மக்கள் நீதிமன்றத்தையும் நடத்துகிறது. அது வேறு வேலை. இரண்டு தரப்பும் சம்மதித்தால் அங்கே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது. எனவே சமரசத்தில் கையெழுத்துப் போடும் முன் நம் வக்கீலிடம் ஒரு தடவை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. சமரசத்துக்குச் சம்மதிக்கவில்லை என்பதற்காக வக்கீல் உதவியை நிறுத்திவிட முடியாது.

மனுவை நிராகரித்தால் அதோடு முடிந்துவிடவில்லை. ஆணைக்குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். சிறையில் இருப்பவருக்காக அவருடைய அண்ணனோ அம்மாவோ போய்க் கேட்கலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக நாமும் கூடப் போகலாம். அங்கே யாராவது வருமானச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால், ‘12ஆவது பிரிவில் பெண் என்று இருக்கிறதே சார், அதன்கீழ்தான் கேட்கிறோம்’ என்று சொன்னால் போதும்.