படம் போடும் கம்ப்யூட்டர் பாடம்! அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எப்படி நடக்கிறது?

நடுக்கடல். ஒரு படகு. படகில் ஒரு பையன். அவனுக்கு எதிரே ஒரு புலி!

"லைஃப் ஆப் பை" என்ற ஆங்கில சினிமாவில் வரும் காட்சி இது. புதுச்சேரிப் பையன் ஒருவனின் கதை. 2012-ம் ஆண்டில் வெளிவந்தது. புதுச்சேரியிலும் படம் பிடித்தார்கள்.

புலி உறுமுகிறது. பாய்கிறது. பசியால் வாடி மெலிகிறது. பார்ப்பவர்கள் நடுங்குகிறார்கள்.

ஆனால், பெரும்பாலான காட்சிகளில் அங்கே புலியே கிடையாது! எல்லாம் கம்ப்யூட்டர் போட்ட படம்.

இதை மந்திரம் என்று எண்ண வேண்டாம். இது ஒரு படிப்பு. "கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்" என்று அதற்குப் பெயர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த படிப்பு அது.

அதை அங்கே எப்படித் தொடங்கினார்கள்? இப்போது எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? படித்தவர்களுக்கு வேலை கிடைக்கிறதா?

புள்ளியும் முக்கோணமும்

கம்ப்யூட்டர் திரையில் தெரியும் படம் முழுவதும் புள்ளிகள்தான். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல, வரிசை வரிசையாக லட்சக்கணக்கான புள்ளிகள். எந்தப் புள்ளிக்கு என்ன நிறம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை!

புலியின் உடலைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்துக் கொள்வார்கள். ஒவ்வொரு முக்கோணத்தின் மூலையும் எங்கே இருக்கிறது என்பதை எண்களாக எழுதி வைப்பார்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்பதையும் எண்களாகக் கொடுப்பார்கள். மற்றதை எல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பார்த்துவிடும்.

ஆகவே, இந்தப் படிப்புக்கு அடிப்படை கணக்கு.

பேனாவால் தொட்டார்

1963-ம் ஆண்டு. அப்போது கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். அட்டையில் துளை போட்டுக் கொடுத்தால், எண்களை அச்சடித்துக் கொடுக்கும்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் என்ற மாணவர் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக் கொண்டிருந்தார். திரையை ஒளிப் பேனாவால் தொட்டார். கோடு விழுந்தது! கோணலாக இருந்த கோட்டை நேராக்கும்படி கட்டளை இட்டார். நேரானது! "ஸ்கெட்ச்பேட்" என்று அதற்குப் பெயர் வைத்தார்.

கம்ப்யூட்டரும் மனிதனும் படம் மூலம் பேசிக்கொள்ள முடியும் என்று அவர் காட்டினார். 1988-ம் ஆண்டில் அவருக்கு டூரிங் பரிசு கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையில் அதுவே மிக உயர்ந்த பரிசு.

மனைவியின் கார்

மலையும் உப்பு ஏரியும் உள்ள மாநிலம் யூட்டா. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் டேவிட் எவன்ஸ் என்ற பேராசிரியர் கம்ப்யூட்டர் துறையைத் தொடங்கினார். அவர் அதே ஊரில் பிறந்தவர். ராணுவ இலாகாவின் ஆராய்ச்சிப் பிரிவு பணம் கொடுத்தது. 1968-ம் ஆண்டில் சதர்லாண்டை அங்கே அழைத்துக்கொண்டார்.

அங்கே பாடம் நடந்த விதமே புதுமை. "இதோ பாடப் புத்தகம், மனப்பாடம் செய்" என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, புத்தகமே இல்லை! "இது யாருக்கும் தெரியாத விஷயம். நீ கண்டுபிடி" என்று மாணவர்களிடம் விட்டுவிட்டார்கள்.

1972-ம் ஆண்டில் ஒரு நாள், ஒரு காரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற விரும்பினார்கள். கார் வேண்டுமே! சதர்லாண்டின் மனைவியிடம் ஒரு வோக்ஸ்வாகன் கார் இருந்தது. மாணவர்கள் அதன்மேல் கோடு கோடாகப் போட்டார்கள். அளவுகோலை எடுத்து ஒவ்வொரு புள்ளியையும் அளந்து எழுதினார்கள்.

ஹென்றி குரோ என்ற மாணவர் தன் மனைவியின் முகத்திலேயே கோடு போட்டு அளந்தார்! முக்கோணங்கள் கட்டம் கட்டமாகத் தெரியாமல், கன்னம் வழவழப்பாகத் தெரிய வழி கண்டார்.

கையை அச்சு எடுத்தவர்

எட் கேட்மல் என்று ஒரு மாணவர். சிறு வயதில் கார்ட்டூன் சினிமா எடுக்க ஆசைப்பட்டவர். "நமக்குப் படம் வரைய வராது" என்று எண்ணி, விஞ்ஞானம் படிக்க வந்துவிட்டார்.

அவர் தன் இடது கையை அச்சு எடுத்தார். அச்சில் வார்த்த கைமேல் கோடு போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றினார். 1972-ம் ஆண்டில், விரல்களை மடக்கி நீட்டும் கை ஒன்று திரையில் அசைந்தது!

ஒரு பொருளுக்குப் பின்னால் இன்னொரு பொருள் மறைந்தால் என்ன செய்வது? இதற்கும் கேட்மல் எளிய வழி சொன்னார். ஒவ்வொரு புள்ளியிலும் தெரியும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொள்ளும். அதைவிட அருகில் வேறொன்று வந்தால், பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடும். இன்று குழந்தைகள் செல்போனில் ஆடும் விளையாட்டிலும் இதே முறைதான் வேலை செய்கிறது.

வியட்நாம் மாணவர்

அதே வகுப்பறைக்கு வியட்நாமில் பிறந்த ஒருவரும் வந்தார். பூய் துவோங் ஃபாங் என்பது அவர் பெயர். காரை அளந்த கூட்டத்தில் அவரும் உண்டு.

மெருகு போட்ட பாத்திரத்தில் விளக்கு வெளிச்சம் பளிச்சென்று ஓர் இடத்தில் மின்னும் அல்லவா? அந்த மினுமினுப்பைக் கணக்கில் கொண்டுவந்தவர் இவர். 1973-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1975-ம் ஆண்டில் ரத்தப் புற்றுநோய் அவர் உயிரைக் குடித்தது. 33 வயதுகூட நிரம்பவில்லை.

அவர் மறைந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றும் இந்தப் பாடம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் "ஃபாங் முறை" என்று அவர் பெயரைச் சொல்லித்தான் படிக்கிறார்கள்.

டீ குடிக்கும் நேரத்தில்

மார்ட்டின் நியூவல் என்ற மாணவருக்கு ஒரு கவலை. புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்க, நல்ல பொருள் ஒன்று வேண்டும். என்ன பொருளை வரைவது?

வீட்டில் மனைவியுடன் டீ குடித்துக்கொண்டிருந்தார். "இந்த டீப் பாத்திரங்களையே வரையுங்களேன்!" என்று மனைவி சாண்ட்ரா யோசனை சொன்னார். எதிரே வெள்ளைப் பீங்கான் கெண்டி இருந்தது. நியூவல் கட்டம் போட்ட காகிதத்தை எடுத்து, அங்கேயே அதை வரைந்தார்.

கெண்டிக்கு மூக்கு உண்டு, பிடி உண்டு, மூடி உண்டு. வளைவு உண்டு, துளை உண்டு, தன் நிழல் தன்மேலேயே விழும். சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் ஏது? 1975 முதல் உலகம் எங்கும் அந்தக் கெண்டியை வரைந்தார்கள். "டாய் ஸ்டோரி" சினிமாவிலும் அது தலைகாட்டியது.

பணம் நின்றது

1973-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. ராணுவத்துக்கு நேராகப் பயன்படாத ஆராய்ச்சிக்கு ராணுவப் பணம் கொடுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். பல்கலைக்கழகங்களுக்குப் பணம் சுருங்கியது. யூட்டாவில் கூடியிருந்த கூட்டம் மெல்லக் கலைந்தது. சதர்லாண்டும் வேறு இடம் போனார்.

கேட்மல் 1974-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விரும்பினார். அது அமையவில்லை. வேறு வேலைக்குப் போனார்.

ஆனால், கலைந்து போனவர்கள் போன இடம் எல்லாம் முளைத்தார்கள். ஜான் வார்னாக் 1982-ம் ஆண்டில் "அடோபி" கம்பெனியைத் தொடங்கினவர்களில் ஒருவர். ஜிம் கிளார்க் அதே ஆண்டில் "சிலிக்கன் கிராபிக்ஸ்" கம்பெனியைத் தொடங்கினார். கேட்மல் "பிக்சார்" கம்பெனியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1995-ம் ஆண்டில் அவர்கள் எடுத்த "டாய் ஸ்டோரி"தான், முழுவதும் கம்ப்யூட்டரிலேயே தயாரான முதல் முழு நீளப் படம்.

படம் வரைய வராது என்று நினைத்தவரின் சிறு வயது ஆசை அன்று நிறைவேறியது! கேட்மலுக்கும் பேராசிரியர் பாட் ஹன்ரஹானுக்கும் 2019-ம் ஆண்டின் டூரிங் பரிசு கிடைத்தது.

ஓவியரும் கட்டிடக் கலைஞரும்

என்ஜினீயர்கள் மட்டும் இதை வளர்க்கவில்லை.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் சூரி ஓவிய ஆசிரியர். இளமையில் பேர்பெற்ற கால்பந்து ஆட்டக்காரர். 1964-ம் ஆண்டு முதல் கம்ப்யூட்டரில் ஓவியம் போடத் தொடங்கினார். அங்கே கலை மாணவரும் கணக்கு மாணவரும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கிரீன்பெர்க் கட்டிடக் கலைஞர். கட்டும் முன்பே கட்டிடத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று ஆராய்ந்தார். சிவப்புச் சுவருக்குப் பக்கத்தில் வெள்ளைத் தரை இருந்தால், தரையிலும் லேசாகச் சிவப்பு ஏறும். 1984-ம் ஆண்டில் அவருடைய கூட்டத்தார் அந்தச் சாயலையும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

பிரௌன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரீஸ் வான்டாம் ஆசிரியர். ஜேம்ஸ் ஃபோலியுடன் சேர்ந்து 1982-ம் ஆண்டில் பாடப் புத்தகம் எழுதினார். புத்தகம் இல்லாமல் தொடங்கிய படிப்புக்குப் புத்தகம் வந்தது!

308 மணியில் 3 மணி!

இவ்வளவு புகழ் பெற்ற பாடத்துக்கு வகுப்பில் எவ்வளவு இடம் கொடுக்கிறார்கள்?

அமெரிக்கக் கம்ப்யூட்டர் சங்கங்கள் அவ்வப்போது மாதிரிப் பாடத்திட்டம் தயாரிக்கின்றன. 2013-ம் ஆண்டுத் திட்டத்தில் அடிப்படைப் பாடங்களுக்கு 308 மணி ஒதுக்கினார்கள். அதில் கிராபிக்ஸுக்கு 3 மணி!

மீதியை விருப்பப் பாடமாகத்தான் படிக்க வேண்டும். தேர்ந்த ஆசிரியர் இருக்கும் கல்லூரியில் அது கிடைக்கும். ஆசிரியர் இல்லாவிட்டால் அந்த மாணவருக்கு வாய்ப்பு இல்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு தொல்லை உண்டு. இந்தத் துறையில் கருவிகள் அடிக்கடி மாறுகின்றன. 2001-ம் ஆண்டில், மாணவரே கட்டளை எழுதக்கூடிய கிராபிக்ஸ் சில்லு கடைக்கு வந்தது. அதற்குமுன், சில வரிகள் எழுதினாலே திரையில் முக்கோணம் வந்துவிடும். புதிய முறையிலோ, முதல் முக்கோணம் தெரிவதற்கே பல பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. பழைய பாடக் குறிப்புகள் வீணாயின. பாடப் புத்தகங்களைத் திருத்தி எழுதினார்கள்.

பொத்தானா? கணக்கா?

இங்கேதான் பெரிய கேள்வி பிறக்கிறது. மாணவருக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?

"இன்ன பொத்தானை அழுத்து, இன்ன படம் வரும்" என்று சொல்லிக் கொடுப்பது ஒரு வழி. சீக்கிரம் பலன் தெரியும். ஆனால், அந்தக் கருவி மாறினால் படித்தது பாழ்.

"படம் ஏன் வருகிறது" என்று கணக்கோடு சொல்லிக் கொடுப்பது மற்றொரு வழி. கஷ்டம். சிலர் பாதியில் ஓடிவிடுவார்கள். ஆனால், கேட்மல் சொன்னதும் ஃபாங் சொன்னதும் 50 ஆண்டுகளாக நிற்கின்றன. அதற்குள் எத்தனையோ கருவிகள் வந்து போய்விட்டன.

கடனாளி ஆனவர்கள்

ஆசை காட்டிப் பணம் வாங்கியவர்களும் உண்டு.

"ஆர்ட் இன்ஸ்டிடியூட்ஸ்" என்ற தனியார் பள்ளிகள் பல ஊர்களில் இருந்தன. அனிமேஷன் உள்படப் பல கலைகளைச் சொல்லிக் கொடுத்தன. மாணவர்கள் கடன் வாங்கிச் சேர்ந்தார்கள். 2023-ம் ஆண்டில் மீதி இருந்த பள்ளிகளும் மூடப்பட்டன.

வேலை கிடைப்பது பற்றி மாணவர்களிடம் பொய்க் கணக்குச் சொன்னார்கள் என்று அமெரிக்க அரசாங்கம் கூறியது. 2024-ம் ஆண்டில், சுமார் 3 லட்சத்து 17 ஆயிரம் பேருடைய கடனைத் தள்ளுபடி செய்தது. மொத்தம் 610 கோடி டாலர்!

நன்றாகப் படித்தவருக்கும் வேலை நிச்சயம் என்று சொல்ல முடியாது. படகில் வந்த புலியை உருவாக்கியது "ரிதம் அண்ட் ஹியூஸ்" என்ற கம்பெனி. 2013-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அது திவால் மனு கொடுத்தது. அதே மாதத்தில் அந்தப் புலிக்காக ஆஸ்கார் பரிசும் கிடைத்தது! மேடையில் பரிசு. வீட்டில் வேலை போன துக்கம்.

அதனால் சேரும் முன்பு விசாரிக்க வேண்டியவை சில உண்டு. பாடத்தில் கணக்கு உண்டா? சென்ற ஆண்டு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? பெற்றோர் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த வகுப்பு

நல்ல செய்தியும் உண்டு. பல்கலைக்கழகக் கதவு இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது.

2012-ம் ஆண்டில் பெர்க்லி பேராசிரியர் ரவி ராமமூர்த்தி இந்தப் பாடத்தை இன்டர்நெட் மூலம் யாரும் படிக்கும்படி நடத்தினார். ஸ்டான்ஃபோர்டு வகுப்பிலிருந்து வளர்ந்த பாடப் புத்தகம் ஒன்று, விஞ்ஞானத் தொழில்நுட்பப் பிரிவில் ஆஸ்கார் பரிசு பெற்றது. அதை 2018-ம் ஆண்டு முதல் இலவசமாகப் படிக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் வழி உண்டு. பிக்சார் கம்பெனியும் கான் அகாடமியும் சேர்ந்து 2015-ம் ஆண்டில் இலவசப் பாடம் தொடங்கின. பள்ளியில் படிக்கும் கணக்கு சினிமாவில் எங்கே வருகிறது என்று அது காட்டுகிறது.

நியூவல் வீட்டுப் பீங்கான் கெண்டி இப்போது கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. அதில் யாரும் டீ ஊற்றுவது இல்லை.

ஆனால், எங்கோ ஒரு வகுப்பில் ஒரு மாணவர் இன்றும் அதை வரைந்துகொண்டிருப்பார். முதலில் மூக்கு கோணலாக வரும். மூடி காணாமல் போகும். எங்கே கணக்குப் பிசகியது என்று தேடுவார். திருத்துவார்.

வெளிச்சம் கெண்டியின் வயிற்றில் பளிச்சென்று மின்னும். அப்போது அவருக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்!