தோட்டக் கொட்டகையின் மரச்சட்டகம்

தோட்டக் கொட்டகையின் மரச்சட்டகம் என்பது, கருவிகளையும் தோட்டப் பொருட்களையும் வைப்பதற்காகக் கட்டப்படும் சிறு மரக்கட்டடத்தின் சுவர்களையும் கூரையையும் தாங்கும் எலும்புக்கூடு ஆகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இது மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, ஆணியால் இணைத்துக் கட்டப்படுகிறது. கனமான தூண்களும் பொளி மூட்டுகளும் இதற்குத் தேவையில்லை. ஆலைகளில் அறுத்த மரமும் இயந்திரத்தில் செய்த ஆணியும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய 1830களில் இம்முறை சிகாகோ பகுதியில் பரவியது.

மூன்று விசைகள்

சட்டகம் மூன்று விசைகளைத் தாங்க வேண்டும். முதலாவது, கூரையின் எடையும் அதன்மேல் சேரும் பனியின் எடையும். இது நேராகக் கீழ்நோக்கி இறங்குகிறது. இரண்டாவது, காற்று. இது சுவரைப் பக்கவாட்டில் தள்ளுவதோடு கூரையை மேலே தூக்கவும் பார்க்கிறது. மூன்றாவது, சாய்ந்த கைமரங்கள் சுவர்களின் தலையை வெளிப்புறம் தள்ளும் விசை. முதல் விசை கண்ணுக்குப் புலப்படுவதால் எல்லோரும் அதற்கு ஏற்பாடு செய்கின்றனர். மற்ற இரண்டும் கவனிக்கப்படாமல் போவதாலேயே பல கொட்டகைகள் சில ஆண்டுகளில் சாய்ந்தோ, முகடு தொய்ந்தோ போகின்றன.

மரமும் அளவும்

‘இரண்டுக்கு நான்கு’ எனப்படும் சட்டமே பெரும்பாலும் பயன்படுகிறது. பெயர் அப்படி இருந்தாலும் இழைத்து உலர்ந்த சட்டத்தின் உண்மையான அளவு 1½ × 3½ அங்குலம் (38 × 89 மி.மீ.) ஆகும். கணக்கிடும்போது இந்த உண்மை அளவையே கொள்ள வேண்டும்.

சட்டங்களுக்கு இடையிலான தொலைவு, ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 16 அல்லது 24 அங்குலம். ஒட்டுப்பலகை 4 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்டது. 48, 96 ஆகிய அங்குல அளவுகள் இரண்டும் 16ஆலும் 24ஆலும் மீதமின்றி வகுபடும். ஆகவே பலகையின் விளிம்பு எப்போதும் ஒரு சட்டத்தின் நடுவில் வந்து அமரும்.

கற்காரைத் தளத்தைத் தொடும் அடிச்சட்டம் பூச்சி, அழுகல் ஆகியவற்றைத் தடுக்கும் மருந்தூட்டிய மரமாக இருக்க வேண்டும். செப்புச் சேர்மம் ஊட்டிய மரம் சாதாரண ஆணியை விரைவில் அரித்துவிடும் என்பதால் துத்தநாகம் பூசிய ஆணியே அதற்கு ஏற்றது.

சுவர்கள்

ஒவ்வொரு சுவரிலும் கீழே ஓர் அடிச்சட்டம், அதன்மேல் குத்துச்சட்டங்கள், அவற்றின் தலையில் இரண்டு மேற்சட்டங்கள் இருக்கும். சுவரைத் தளத்தின்மீது படுக்கை நிலையில் ஆணியடித்துப் பின்னர் தூக்கி நிறுத்துவர். 8 அடி அகலமும் 10 அடி நீளமும் உள்ள கொட்டகையில் நீளச் சுவர்கள் முழு 10 அடியாக இருக்கும். அகலச் சுவர்கள் அவற்றுக்கு இடையில் பொருந்த வேண்டியதால் இருபுறமும் 3½ அங்குலம் குறைந்து 7 அடி 5 அங்குலமாக இருக்கும். இரண்டாம் மேற்சட்டம் மட்டும் மூலைகளில் அடுத்த சுவரின்மேல் நீண்டு படியும். நான்கு சுவர்களையும் ஒன்றாகப் பூட்டுவது இதுவே.

கதவு வரும் இடத்தில் குத்துச்சட்டங்கள் அறுபடுகின்றன. அவை சுமக்க வேண்டிய எடையைக் கதவின் மேலுள்ள உத்திரம் ஏற்றுக்கொள்கிறது. உத்திரத்தின் இரு முனைகளும் ஆணியின் பிடியில் தொங்காமல், கீழே நிற்கும் குறுஞ்சட்டங்களின் தலையில் அமர வேண்டும்.

சாய்வைத் தடுத்தல்

செவ்வக வடிவச் சட்டகம் பக்கவாட்டில் தள்ளப்பட்டால் எளிதில் இணைகரம்போல் சாயும். ஆணி மூட்டுகள் இதைத் தடுக்க மாட்டா. முக்கோணம் அவ்வாறு வடிவம் மாறாது என்பதால் மூலைவிட்டமாக ஒரு சட்டம் அடிப்பது ஒரு தீர்வு. சுவர் முழுவதும் ஒட்டுப்பலகை அறைவது மற்றொன்று. பலகையின் ஓரங்களில் 6 அங்குலத்துக்கு ஒன்றும், நடுச்சட்டங்களில் 12 அங்குலத்துக்கு ஒன்றுமாக ஆணியடிப்பது வழக்கம். ஈரத்தில் பலகை விரிய இடம் தேவை என்பதால் இரு பலகைகளுக்கு நடுவே ⅛ அங்குல இடைவெளி விடப்படுகிறது.

பலகை அறைவதற்கு முன் சுவர் செங்குத்தாக உள்ளதா என ரசமட்டத்தாலோ தூக்குக்குண்டாலோ பார்க்க வேண்டும். தளத்தின் இரு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் மூலைகள் செங்கோணமாக உள்ளன எனலாம். 8 × 10 அடித் தளத்தில் மூலைவிட்டம் ஏறத்தாழ 12 அடி 9.7 அங்குலம் இருக்கும். பலகை அறைந்த பிறகு கோணலைத் திருத்துவது கடினம். அதனால் அதுவரை தற்காலிக முட்டுகளை அகற்றக் கூடாது.

கூரை

இருபுறச் சாய்வுக் கூரையில் எதிரெதிர்க் கைமரங்கள் முகட்டுப் பலகையின் இரு பக்கங்களில் சந்திக்கின்றன. முகட்டுப் பலகை எடை தாங்குவதில்லை. கைமரங்களே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பலகை அவற்றை நேர்வரிசையில் வைத்திருக்கிறது.

கைமரத்தின் நீளம் பிதாகரசு தேற்றத்தால் கிடைக்கிறது. 8 அடி அகலக் கொட்டகையில் சுவரின் வெளிப்புறத்திலிருந்து நடுக்கோடு வரை 4 அடி. 12 அங்குலத்துக்கு 6 அங்குலம் உயரும் சாய்வில் முகடு 2 அடி உயரும். 16, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 20இன் வர்க்கமூலம் 4.472 அடி, அதாவது சுமார் 53.7 அங்குலம். இதில் முகட்டுப் பலகையின் பாதித் தடிமனுக்கு உரிய அளவைக் கழித்து, இறவாரத்துக்கு வேண்டிய நீளத்தைக் கூட்ட வேண்டும்.

கைமரம் மேற்சட்டத்தில் தட்டையாக அமர, அதன் அடியில் முக்கோணக் காடி வெட்டப்படுகிறது. காடி ஆழமானால் கைமரம் அந்த இடத்தில் பலவீனமாகும். ஒவ்வொரு கைமரமும் ஒரு குத்துச்சட்டத்தின் நேர்மேலே அமைந்தால் எடை நேராகத் தளத்துக்கு இறங்கும்.

கைமரங்கள் சுவரை வெளியே தள்ளும் விசை, சாய்வு குறையக் குறைய அதிகரிக்கும். எதிரெதிர்ச் சுவர்களின் தலைகளைக் குறுக்கு விட்டத்தால் கட்டுவதே இதற்குத் தீர்வு. விட்டம் சுவரின் தலைமட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ இருக்க வேண்டும். தலை தட்டாமல் நடமாட வேண்டும் என்பதற்காக அதை முகட்டுக்கு அருகே ஏற்றினால், காற்றில் கைமரங்கள் முகட்டை விட்டுப் பிரியாமல் காக்கும். சுவர் விரிவதைத் தடுக்க அதனால் இயலாது. காற்று கூரையைத் தூக்காதிருக்கக் கைமரமும் மேற்சட்டமும் சேரும் இடத்தில் உலோகப் பட்டைகள் பொருத்தப்படுகின்றன.