ஓட்டைக் காலணாவுக்கு லட்ச ரூபாயா? ஏமாந்துடாதீங்க!

வெண்ணந்தூர்:

"ஓட்டைக் காலணா ஒண்ணே ஒண்ணு இருந்தா போதும், நீங்க லட்சாதிபதி!" இப்படி ஒரு விளம்பரம் செல்போனில் அடிக்கடி வருகிறது. வெண்ணந்தூர் வட்டாரத்தில் தறி ஓட்டுறவங்க வீடாகட்டும், காட்டு வேலைக்குப் போறவங்க வீடாகட்டும், பாட்டியோட சுருக்குப் பையைத் துழாவினால் இந்தக் காசு ஒன்றிரண்டு கிடைக்கும். நிஜமாவே அதுக்கு லட்சம் கிடைக்குமா?

அணா கணக்கு

அந்தக் காலத்தில் 1 ரூபாய்க்கு 16 அணா. 1 அணாவுக்கு 4 காலணா. அதையும் உடைத்தால் 12 தம்பிடி. ஆக, 1 ரூபாய்க்கு 192 தம்பிடி. வெள்ளைக்காரன் ஊரில் பென்னி மாதிரி, நம்ம ஊரில் ஏழை பாழைங்க கையில் புழங்கியது தம்பிடியும் காலணாவும்தான். "ஒத்தத் தம்பிடி தரமாட்டேன்" என்று இன்னைக்கும் பெரியவங்க சொல்வது இதை வைத்துத்தான்.

ஓட்டை விழுந்த கதை

2-ம் உலகப்போர் நேரத்தில் செம்புக்குக் கடும் தட்டுப்பாடு. 5 கிராமுக்குக் கொஞ்சம் கம்மியாக இருந்த காலணாவை வெறும் 2 கிராமுக்குக் குறைத்து, நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள். 1943 முதல் 1947 வரை இந்தக் காசு வந்தது. குழந்தைகளுக்கு அரைஞாண் கயிற்றில் கோர்த்துக் கட்டினார்கள். போல்ட்டுக்கு வாஷராகவும் மாட்டினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல் குதிரை படம் போட்ட காசு வந்தது. 1957 ஏப்ரல் 1-ந்தேதி முதல் 1 ரூபாய்க்கு 100 நயா பைசா என்று கணக்கே மாறியது. அணா மெல்ல மெல்ல மறைந்தது. 2011 ஜூன் 30-ந்தேதியோடு 25 பைசாவும், அதற்குக் கீழே உள்ள காசுகளும்கூட செல்லாக் காசாகி விட்டன.

விலை எதை வைத்து?

காசு பழசு என்பதால் மட்டும் விலை ஏறாது. எத்தனை அடித்தார்கள், இப்போ எத்தனை மிச்சம் இருக்கு, தேயாமல் இருக்கா என்பதுதான் கணக்கு. இங்கிலாந்தில் 1933-ம் வருட பென்னியை விரல் விட்டு எண்ணும் அளவுக்கே அடித்தார்கள். அதனால்தான் அதற்கு அத்தனை விலை. ஓட்டைக் காலணாவோ கோடிக்கணக்கில் அடித்தது. சாதாரணமாக சில பத்து ரூபாய்க்குத்தான் போகும்.

நம்ம நாட்டில் 1939-ம் வருட வெள்ளி ரூபாய்க்குக் கிராக்கி உண்டு. ஆனால் அதில் போலியும் ஏராளம். 1818 என்று வருடம் போட்டு ராமர், அனுமன் படத்தோடு வரும் "கம்பெனி காசு" நிஜக் காசே கிடையாது. பின்னாளில் செய்து விற்ற வில்லை அது. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் காசு என்பதெல்லாம் சுத்த மோசடி.

முன்பணம் கேட்டால் உஷார்

காசை வாங்குகிறவன் நமக்குப் பணம் தரணும். இவங்களோ "பதிவுக் கட்டணம் கட்டு, வரி கட்டு, கமிஷன் கட்டு" என்று நம்மகிட்டேயே பிடுங்குவார்கள். ரிசர்வ் வங்கி பெயரையும் முத்திரையையும் போட்டு நம்ப வைப்பார்கள். பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையே தங்களுக்குக் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு மாதமே அறிவித்து விட்டது. யாராவது ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

புளி போட்டுத் தேய்க்காதீங்க

ஆசைக்குச் சேர்க்கிறவங்க கவனிக்க வேண்டியது இது. காசை புளி, சாம்பல் போட்டுப் பளபளன்னு தேய்த்தால் இருக்கிற மதிப்பும் போயிடும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, ஈரம் படாமல் காகித உறையில் தனித்தனியாகப் போட்டு வைக்கணும். வருடத்தை மேலே எழுதி வைத்தால் பிள்ளைகளுக்கும் புரியும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போனால் பழங்காலக் காசுகளை நேரிலேயே பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். வீடு கட்ட வானம் தோண்டும்போதோ, காடு உழும்போதோ காசுக் குவியல் கிடைத்தால் மூடி மறைக்கக் கூடாது. 1878-ம் வருட புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் சொல்லியே ஆகணும்.

பாட்டி வைத்துவிட்டுப் போன ஓட்டைக் காலணா லட்சம் தராது. ஆனால் அதைக் காட்டி ஆசை காட்டுகிறவனிடம் ஏமாந்தால், தறியில் உட்கார்ந்து சம்பாதித்த காசு போயிடும். சுருக்குப் பையிலேயே பத்திரமா இருக்கட்டும்.